தாதா பெரிய மனிதராகும் கதை: எந்தத் தொடர்ச்சிப் படத்தைத் திரையிடுவது?

அடுத்த மாதம் எங்கள் மதுரைத் திரைப்பட வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே படத்தைப் போட்டுப் பேசுவது என்று முடிவாகியிருக்கிறது. பேசுபொருளும் முடிவாகிவிட்டது: அடிதடியில் ஆளானவன் ஊர் மதிக்கும் பெரிய மனிதனாக ஆசைப்படுவதைத் தொடர்ச்சிப் படங்கள் எப்படிக் காட்டுகின்றன? படம்தான் இன்னும் முடிவாகவில்லை. 'தி காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் (1974), அதன் மூன்றாம் பாகம் (1990), 'கேங்ஸ் ஆஃப் வாசிப்பூர்' இரண்டாம் பாகம் (2012), நம் ஊர்க் கதையான 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' (2023) என்று நாலு படங்கள் பட்டியலில் இருக்கின்றன. நாலையும் திரும்பப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு காட்ஃபாதர் இரண்டாம் பாகத்துக்கு. மற்ற மூன்றும் ஏன் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றுக்கும் வட்டத்தில் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

தொடர்ச்சிப் படம் என்று ஏன் வைத்துக்கொண்டோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். முதல் பாகத்தில் ரவுடிக்கு வேண்டியது பணம், ஆள்பலம், எதிரியின் சாவு. படம் முடியும்போது அநேகமாக மூன்றும் கிடைத்துவிடும். இரண்டாம் பாகத்தில் அவனுக்கு மிச்சமிருக்கிற பசி மரியாதைக்கான பசிதான். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்தில் எத்தனை பந்தி நடந்தது, மொய் எவ்வளவு விழுந்தது என்பது ஒரு கணக்கு. யார் நேரில் வந்தார், யார் ஆள் மூலம் மொய் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார் என்பது வேறு கணக்கு. வீட்டுப் பெரியவர்கள் வருஷக்கணக்கில் மறக்காமல் வைத்திருப்பது இந்த இரண்டாவது கணக்கைத்தான். கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை வாங்குவது யார் என்பதற்காகக் கோர்ட் படி ஏறிய குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. காசு இருந்தால் மண்டபம் பிடிக்கலாம், ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் வைக்கலாம். முதல் மரியாதையை மட்டும் அடுத்தவன் மனசு வைத்துக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பசியைக் காட்டத் தொடர்ச்சிப் படத்திடம் முதல் படத்திடம் இல்லாத ஒரு கருவி இருக்கிறது. முன்பு நடந்த காட்சியையே மறுபடி நடத்திக் காட்டலாம். அதே விருந்து, அதே அறை, அதே கதவு. பார்க்கிறவருக்குப் பழைய காட்சி ஞாபகம் இருக்கும். எது மாறியிருக்கிறது என்று அவர் கண் தானாகத் தேடும். நல்ல இயக்குநர் அந்த வித்தியாசத்தில்தான் கதையையே வைப்பார். அதனால் நாலு படங்களையும் நான் ஒரே கேள்வியோடு பார்த்தேன்: திரும்ப வரும் காட்சியில் மாறியது எது, அந்த மாற்றத்தைப் பார்த்தால் மரியாதைக்கு அந்த ஆள் கொடுத்த விலை தெரிகிறதா?

வாசிப்பூரைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அனுராக் காஷ்யப் இந்தப் படத்தின் தொடக்கத்தில் பாலா, அமீர், சசிகுமார் மூவரையும் 'மதுரை மும்மூர்த்திகள்' என்று குறிப்பிட்டு நன்றி சொல்லியிருப்பதால் நமக்கு அதன்மேல் ஒரு சொந்தம் உண்டு. தன்பாத் நிலக்கரி பூமியின் கதை நம் தெருக்கதை மாதிரியே இருப்பதும் உண்மைதான். திரும்ப வரும் காட்சியும் இருக்கிறது. முதல் பாகம் திறக்கும்போது கதைநாயகன் ஃபைசல் கான் வீட்டைத் துப்பாக்கிக்காரர்கள் சல்லடையாக்குகிறார்கள். உள்ளே டிவியில் மாமியார்-மருமகள் சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே தாக்குதல் இரண்டாம் பாகத்தில் மறுபடி வருகிறது. இப்போது நமக்கு அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் தெரியும். கைகாரத்தனமான வேலை. ஆனால் நம் தலைப்புக்கு இது உதவாது. கான் குடும்பத்துக்கு வேண்டியது பழி; மரியாதை அவர்கள் தேடும் பொருளே இல்லை. பதவி, கௌரவம் எல்லாம் அவர்களுடைய எதிரி ராமாதீர் சிங்கிடம் ஆரம்பத்திலேயே இருக்கிறது. அதோடு, இரண்டு பாகங்களும் ஒன்றாக எடுக்கப்பட்டு ஒரே வருஷத்தில் வெளியானவை. இரண்டையும் சேர்த்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். அது ஒரு நீண்ட படத்தின் பின்பாதி. முதல் பாதி பார்க்காதவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்க முடியாது.

'டபுள் எக்ஸ்' விஷயம் அவ்வளவு லேசாகத் தள்ளக்கூடியது இல்லை. வட்டத்தில் இளவயதுக்காரர்கள் பாதிப்பேர் அதற்குத்தான் கை தூக்குவார்கள். மரியாதைத் தேடலை இவ்வளவு தெளிவாகக் கையில் எடுத்த தமிழ்ப் படங்கள் குறைவு. 1970களின் மதுரையில் அலியஸ் சீசர் என்ற தாதாவுக்கு எல்லாம் இருக்கிறது. ஆனால் கறுப்பாக இருக்கிறவன் தமிழ் சினிமாவில் கதாநாயகன் ஆக முடியாது என்று ஊர் சொல்கிறது. அந்த ஒரு வார்த்தைக்காக அவன் சினிமா எடுக்கக் கிளம்புகிறான். திரையில் நாயகனாக நிற்பதுதான் அவனுக்குப் பரிவட்டம். 2014-இல் வந்த முதல் 'ஜிகர்தண்டா'வோடு வைத்துப் பார்த்தால் இணைக்காட்சிகள் வரிசையாக வருகின்றன. அங்கே அசால்ட் சேது என்ற ரவுடியைப் படம் பிடிக்க ஓர் இளம் இயக்குநர் மதுரைக்கு வந்தான்; இங்கே இயக்குநர் வேஷம் போட்டு ரே தாசன் வருகிறான், நோக்கம் கொலை. அங்கே தன்னைப் பெரிய தாதாவாகக் காட்டும் படம் என்று நம்பி நடித்த சேது, தியேட்டரில் ஊர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைக் கேட்கிறான். இங்கே சீசரின் படமும் கடைசியில் திரையரங்குக்கு வருகிறது. அதைப் பார்க்கிற ஜனம் சிரிக்கவில்லை.

இரண்டு தியேட்டர், இரண்டு ஜனக்கூட்டம், நடுவில் ஒன்பது வருஷம். கார்த்திக் சுப்புராஜ் தன் முந்தைய படத்துக்கே பதில் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு ரவுடியை ஏமாற்றி ஊரைச் சிரிக்க வைத்த கேமரா, இன்னொரு ரவுடியின் சனத்துக்கு நடந்த கொடுமைக்குச் சாட்சியாக நிற்கிறது. அந்தக் கடைசிப் பகுதியை எப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? சீசர் தேடிப்போன மரியாதை பாதி வழியில் வேறொன்றாக மாறிவிடுகிறது. காட்டுக்குள் போனதும் அவன் தன் மக்களுக்காக நிற்கிறான், தியாகி ஆகிறான். தியாகத்துக்குக் கிடைக்கும் மரியாதை மேலானது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நாம் பேச உட்காரும் கேள்வி அதோடு தீர்ந்துபோகிறது. மரியாதைக்காக வீட்டையும் உறவையும் ஒவ்வொன்றாக விற்றவன் என்ன ஆவான் என்று கேட்க அங்கே இடமில்லை. இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. மதுரை என்றாலே அரிவாள் என்று இருபது வருஷமாகப் படம் எடுத்துப் பழகிவிட்டார்கள். மரியாதைப் பசியைப் பற்றிப் பேச நம் ஊரில் கூடும்போது அடியாள் கதையும் நம் ஊருடையதாகவே இருந்துவிட்டால், பேச்சு சினிமாவை விட்டு ஊர் மானத்தைக் காப்பாற்றுவதற்குப் போய்விடும். இத்தாலியின் சிசிலித் தீவுக்காரன் கதையான காட்ஃபாதரைப் போட்டால் யாரும் யாருக்காகவும் வக்காலத்து வாங்க வேண்டியிருக்காது. அவரவர் தெருவை அவரவரே அதில் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இனி காட்ஃபாதர். இரண்டாம் பாகமா, மூன்றாம் பாகமா என்பதுதான் உண்மையான போட்டி.

இதைச் சொல்ல 1972-இல் வந்த முதல் படத்தின் கல்யாண வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நியூயார்க் மாஃபியா தலைவர் வீட்டோ கார்லியோனின் மகள் கோனிக்குக் கல்யாணம். தோட்டத்தில் பாட்டு, ஆட்டம், ஒயின். இருட்டான அறைக்குள் வீட்டோ ஒவ்வொருவராக வந்து வைக்கும் கோரிக்கைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்போது வக்கீல் டாம் ஹேகன் ஒரு தகவல் சொல்கிறார்: செனட்டர் நேரில் வர முடியாததற்கு வருத்தம் தெரிவித்தார், சில நீதிபதிகளும் அப்படித்தான், எல்லோரும் பரிசு அனுப்பியிருக்கிறார்கள். ஓரிரு வரிதான், கவனிக்காவிட்டால் போய்விடும். ஆனால் மூன்று படங்களின் ஏணிக்கும் அதுதான் முதல் படி. மொய் வந்தது, ஆள் வரவில்லை.

இரண்டாம் பாகத்தில் செனட்டர் நேரிலேயே வந்துவிடுகிறார். 1958, நெவாடாவில் டாஹோ ஏரிக்கரை. வீட்டோவுக்குப் பின் தலைவரான மகன் மைக்கேலின் பையன் ஆந்தனிக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) விருந்து. செனட்டர் கியரி மேடையேறி, மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மைக்கேல் கொடுத்த பெரிய நன்கொடைக்கு நன்றி சொல்கிறார். சொல்லும்போது அந்தக் குடும்பத்தின் பெயரையே தப்பாக உச்சரிக்கிறார். சிறுவர்கள் சேர்ந்திசை பாடுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் அறைக்குள் போனதும் அதே கியரி, சூதாட்ட லைசென்ஸுக்கு இரண்டரை லட்சம் டாலரும் மாத வருமானத்தில் 5 சதவீதமும் கேட்கிறார். இப்போது மட்டும் பெயர் சரியாக வாயில் வருகிறது, வேண்டுமென்றே இழுத்து இழுத்து. உன்னையும் உன் குடும்பத்தையும் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். ஒரு பைசா கிடையாது, லைசென்ஸ் கட்டணத்தையும் நீங்களே கட்டுங்கள் என்கிறான் மைக்கேல்.

வெல்வது என்னவோ மைக்கேல்தான். ஆனாலும் முதல் படத்தின் இருட்டறையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சவ அடக்கத் தொழில் செய்யும் பொனசெரா வந்து நியாயம் கேட்டபோது, நீ மரியாதையோடு கேட்கவில்லையே என்று கடிந்துகொள்ளும் இடத்தில் வீட்டோ இருந்தார். மகன் காலத்தில் அதே மாதிரி அறையில் வெளியாள் வந்து மரியாதை இல்லாமல் பேசிவிட்டுப் போகிறார். ஏணியில் ஒரு படி ஏறியிருக்கிறார்கள், நாற்காலியில் ஒரு படி இறங்கியிருக்கிறார்கள். இதை யாரும் வசனத்தில் சொல்வதில்லை. அறையே சொல்லிவிடுகிறது.

தோட்டத்திலும் இப்படித்தான். முதல் படத்துக் கல்யாணத்தில் கோனியின் அம்மாவே எழுந்து சிசிலிப் பாட்டுப் பாடினாள். வீட்டோவின் ஆளான பருத்த கிளமென்சா வேர்த்து வழிய ஆடினார். இரண்டாம் பாகத்தில் பழைய காலத்து ஆளான ஃபிராங்க் பென்டாஞ்செலி நியூயார்க்கிலிருந்து வந்திருக்கிறார். சாப்பிட என்ன கொடுக்கிறார்கள் என்று பார்க்கிறார்: வெள்ளைக் கோட்டுப் பையன் தட்டில் பிஸ்கட்டின்மேல் ஈரலை வைத்து நீட்டுகிறான். வாத்தியக்காரர்களிடம் போகிறார், அவர்களில் ஓர் இத்தாலியன்கூட இல்லை. தரன்டெல்லா என்ற இத்தாலிய ஆட்டப் பாட்டை வாசியுங்கள் என்று தாளம் போட்டுக் காட்டுகிறார். அவர்கள் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு ஒரு நர்சரிப் பாட்டுக்குள் இறங்கிவிடுகிறார்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், எனக்கு அது வருத்தமான காட்சி. நம்மில் யாருக்கு இது புரியாது? ஏ.சி. மண்டபத்தில் பஃபே வைத்து, கீபோர்டில் யாரோ வாசிக்க, நாதஸ்வரம் கேட்ட தாத்தாவை ஓரமாக உட்கார வைத்த கல்யாணங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேல்தட்டுக்குள் போக முதலில் வாசலில் கழற்றி வைக்க வேண்டியிருந்தது தங்கள் சொந்த ராகத்தைத்தான்.

போட்டோவையும் மூன்று படங்களிலும் தொடர்ந்து கவனிக்கச் சொல்வேன். முதல் படத்தில் குடும்பப் படம் எடுக்க எல்லோரும் வந்து நிற்கிறார்கள். மைக்கேல் வராமல் படம் எடுக்க வேண்டாம் என்கிறார் வீட்டோ. இரண்டாம் பாகத்தில் மைக்கேல் தம்பதி நிற்பது செனட்டர் தம்பதியோடு, பத்திரிகைக்காக. மூன்றாம் பாகத்து விருந்தில் மைக்கேல், அண்ணன் சன்னியின் முறைப்படி பிறக்காத மகன் வின்சென்டைக் குடும்பப் படத்துக்குள் கூப்பிட்டு நிறுத்திக்கொள்கிறார். வாரிசு அங்கேயே முடிவாகிவிடுகிறது. இதை வைத்தே ஒரு மணி நேரம் பேசலாம்.

மூன்றாம் பாகத்தை ஆதரிப்பவர்கள் சொல்வது இதுதான்: மரியாதைத் தேடல்தான் முழுக்கதையும் என்று இருக்கிற படம் அது ஒன்றே. உண்மை. 1979-இல் மைக்கேல் தேவாலயத்தில் பாப்பரசர் பெயரால் பட்டம் வாங்குகிறார். அப்பா பெயரில் அறக்கட்டளை, 10 கோடி டாலருக்குக் காசோலை. வாட்டிகன் வங்கியின் நஷ்டத்தை அடைக்க 60 கோடி டாலர் கொடுத்து, இம்மொபிலியாரே என்ற பெரிய நிறுவனத்தைக் கைப்பற்றப் பேரம். செனட்டரைத் தாண்டித் திருச்சபைவரை ஏணி போய்விட்டது. மேலே போகப் போகக் கோணல் கூடிக்கொண்டே போகிறது என்று மைக்கேலே ஓரிடத்தில் நொந்துகொள்கிறார்.

எனக்கு இடிப்பதும் அங்கேதான். இரண்டாம் பாகம் காட்டியதை மூன்றாம் பாகம் சொல்கிறது. சாதாரண ரவுடியாக இருந்தபோதே நீ தேவலாம், கௌரவம் வந்தபிறகு இன்னும் ஆபத்தானவனாகிவிட்டாய் என்று பிரிந்துபோன மனைவி கே அவரிடம் நேருக்கு நேர் சொல்லிவிடுகிறாள். சொல்லப்பட்ட பிறகு கூட்டத்தில் நாம் பேச என்ன மிச்சம்? விருந்தில் இந்த முறை சிசிலிப் பாட்டும் திரும்பி வந்துவிடுகிறது, கோனியே பாடுகிறாள். பழைய கல்யாணத்தை நினைவூட்டுவதற்காக வைத்தது என்று தெரிகிறது. நினைவூட்டுவதைத் தாண்டி அது வேறெதுவும் செய்யவில்லை.

சடங்கும் கொலையும் மாறி மாறி வரும் காட்சியை எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் கோனியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். சாத்தானை விட்டு விலகுகிறாயா என்று குரு கேட்கிறார். விலகுகிறேன் என்கிறான் மைக்கேல். அந்த வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அவன் அனுப்பிய ஆட்கள் சுடுகிறார்கள். பதில் சொல்லும் வாயும் கட்டளையிட்ட வாயும் ஒன்று. இரண்டு காட்சியையும் பிணைப்பது அதுதான். மூன்றாம் பாகத்தில் பலெர்மோ ஆபரா அரங்கில் மகன் ஆந்தனி மேடையில் பாட, வெளியே கொலைகள் நடக்கின்றன. எடிட்டிங் பிரமாதம். ஆனால் மைக்கேல் வெறும் பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பதற்கு மேல் பிணைப்பு குறைவு. வடிவம் வந்திருக்கிறது, உயிர் பாதிதான் வந்திருக்கிறது.

அநியாயமாகப் பேசக்கூடாது. மூன்றாம் பாகத்தில் கர்தினால் லாம்பர்ட்டோவிடம் மைக்கேல் பாவசங்கீர்த்தனம் செய்யும் காட்சி முழுத் தொடரிலும் என் மனசுக்கு மிக நெருங்கியவற்றில் ஒன்று. அண்ணன் ஃப்ரெடோவைக் கொல்ல உத்தரவிட்டதைச் சொல்லும்போது, என் அம்மா பெற்ற மகனைக் கொன்றேன், என் அப்பாவின் மகனைக் கொன்றேன் என்று உடைந்து அழுகிறார். கடைசியில் அரங்கப் படிக்கட்டில் மகள் மேரி சுடப்பட்டு விழுந்ததும் சத்தமே வராமல் அலறுகிறார். பட்டத்துக்கும் காசோலைக்கும் விலை அங்கே வசூலாகிறது. ஆனால் அந்த அழுகையின் கனம் முழுவதும் இரண்டாம் பாகத்திலிருந்து வருவது. ஏரியில் படகில் உட்கார்ந்து, மீன் மாட்டுவதற்காக 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்த ஃப்ரெடோவைப் பார்க்காதவருக்கு இந்த அழுகை பாதிதான் சேரும்.

இரண்டாம் பாகத்தின் தனிப் பலம் இன்னும் பாக்கி இருக்கிறது. முந்தைய படத்தோடு இணைக்காட்சி வைப்பதோடு இயக்குநர் கொப்போலா நிற்கவில்லை. படத்தையே இரண்டாகப் பிளந்து, இளம் வயது அப்பாவையும் இன்றைய மகனையும் மாற்றி மாற்றி ஓட விடுகிறார். ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அந்தப் படத்தின் உடம்பே.

நியூயார்க்கின் இத்தாலியத் தெருவில் ஃபனூச்சி என்று ஒருவன், வெள்ளை சூட்டில், கடை கடையாக வசூல் பண்ணிக்கொண்டு திரிகிறான். புனித ரோக்கு திருவிழா அன்று, டாலர் தாள்களைக் குத்திய சொரூபம் ஊர்வலம் போக, அவன் கூட்டத்துக்கு நடுவில் வணக்கம் வாங்கிக்கொண்டே நடக்கிறான். வீட்டோ மொட்டை மாடி வழியாகவே அவனைத் தொடர்ந்து போய், வீட்டு வாசலில் சுட்டுக் கொல்கிறான். துப்பாக்கியைச் சுற்றியிருந்த துணி பற்றி எரிகிறது. வேட்டுச் சத்தத்தில் குண்டுச் சத்தம் கரைந்துபோகிறது. திரும்பி வந்து, படிக்கட்டில் மனைவி மக்களோடு உட்கார்ந்து, கைக்குழந்தை மைக்கேலை மடியில் வாங்கி, அப்பாவுக்கு உன்மேல் ரொம்பப் பிரியம் என்கிறான். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தோளோடு தோள் உரசி நடந்தவர்களுக்கு அந்தத் தெருவின் நெரிசலும் இரைச்சலும் அந்நியமாக இருக்காது.

அதன் பிறகு வருவதுதான் மரியாதையைப் பற்றிய என் விருப்பக் காட்சி. ஒரு விதவையை அவளுடைய நாயோடு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர் ராபர்ட்டோ. வீட்டோ போய்ப் பதவிசாகக் கேட்கிறான், வாடகையைக் கூட்டிக் கொடுப்பதாகவும் சொல்கிறான். வீட்டுக்காரர் எரிந்து விழுகிறார். அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றி விசாரித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டோ வந்துவிடுகிறான். அடுத்த காட்சியில் ராபர்ட்டோ தொப்பியும் கையுமாக வீட்டோவின் கடைக்கு ஓடி வருகிறார். அவள் இருக்கலாம், நாயும் இருக்கலாம், வாடகை பழையதே போதும், இல்லை, ஐந்து டாலர் குறைத்துக்கொள்கிறேன், இல்லை, பத்து. பேசிவிட்டு வெளியே போகும் அவசரத்தில் கதவைத் திறக்கத் தெரியாமல் தடுமாறுகிறார்.

இதைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு மரியாதை தெருவிலிருந்து வந்தது, மகன் அதை மேலிடத்தில் போய்த் தேடினான், அதனால்தான் கெட்டான் என்று நம்மில் சிலர் சொல்வார்கள். அதில் பாதி சரி. வீட்டோவிடம் விதவைகள் வருகிறார்கள். மைக்கேல் செனட்டர்களிடம் போகிறான். ஆனால் ராபர்ட்டோவின் நடுங்கும் கையைப் பார்த்தவர் அப்பாவின் பக்கம் அவ்வளவு சுலபமாகச் சாய முடியாது. அது மரியாதையா, ஃபனூச்சி செத்த பிறகு இடம் மாறிய பயமா? வெள்ளை சூட்டுக்காரனுக்குக் கிடைத்த அதே வணக்கம்தானே, கொஞ்சம் பண்போடு? படம் இதற்குப் பதில் சொல்லாமல் விடுகிறது. ஞாயிறு சாயங்காலம் நாங்கள் சண்டை போட வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

மகன் பக்கத்தில் செனட் விசாரணை வருகிறது. மைக்கேல் எழுதி வைத்த அறிக்கையைப் படிக்கிறான்: போரில் பணிபுரிந்தேன், பதக்கம் பெற்றேன், எந்தக் குற்றத்துக்கும் கைதானதில்லை. விசாரணைக் குழுவில் அதே கியரி இருக்கிறார். ஒரு விபச்சார விடுதியில் செத்துக்கிடந்த பெண்ணின் விவகாரத்திலிருந்து மைக்கேலின் ஆட்கள் காப்பாற்றிவிட்டதால், அந்த ஆள் இப்போது இத்தாலிய அமெரிக்கர்களின் பெருமையைப் பேசிவிட்டு எழுந்து போகிறார். முதல் படத்தில் பரிசை மட்டும் அனுப்பி ஒதுங்கியவர்கள் இருந்த இடத்தில் இப்போது நேரில் புகழ்மாலை. விருந்தில் கிடைக்காதது விசாரணையில் கிடைத்துவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் கே. ஐந்து வருஷத்தில் நம் குடும்பம் முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடும் என்று அவளுக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அது ஏழு வருஷத்துக்கு முந்திய பேச்சு என்று புதுநன்மை விருந்தில் ஆடும்போதே அவள் ஞாபகப்படுத்தியிருக்கிறாள்.

கதவுக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. முதல் படத்தின் கடைசியில் மைக்கேலின் கையை ஆட்கள் முத்தமிட, கே பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு சாத்தப்படுகிறது. சாத்துவது அவனுடைய ஆள். இரண்டாம் பாகத்தில், பிரிந்துபோன கே குழந்தைகளைப் பார்க்கத் திருட்டுத்தனமாக வந்து வாசலில் நிற்கிறாள். மைக்கேல் வருகிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் முகத்துக்கு நேரே தன் கையாலேயே சாத்துகிறான். மாறியது ஒரு கைதான். மூன்று மணி நேரப் படத்தில் அவன் என்னவாக ஆனான் என்பது அந்தக் கையில் இருக்கிறது. தொடர்ச்சிப் படத்தின் இணைக்காட்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு கதவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் போதும்.

நடைமுறைச் சிக்கலுக்கு வருகிறேன். இரண்டாம் பாகத்தின் மேல் வரும் பெரிய ஆட்சேபம் நீளம்: 200 நிமிஷம். முதல் படம் பார்க்காதவர்களும் வருவார்கள். அதனால் காலையில் முதல் படத்தின் கல்யாணப் பகுதியை மட்டும், ஏறக்குறைய அரை மணி நேரம், போட்டுவிடலாம். அதோடு அதன் கடைசிக் கதவுக் காட்சியையும். அப்புறம் ஒரு டீ. பிறகு இரண்டாம் பாகம், படிக்கட்டில் வீட்டோ குழந்தையை மடியில் வைத்திருக்கும் இடம்வரை. அங்கே நிறுத்திச் சாப்பாடு. மிச்சத்தை மதியம் போட்டால் நாலு மணிக்கெல்லாம் பேச உட்கார்ந்துவிடலாம். மொழியைப் பற்றியும் கேட்டார்கள். வீட்டோவின் பகுதி பெரும்பாலும் சிசிலி மொழியிலேயே இருப்பதால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் திரைக்குக் கீழே வரும் சப்டைட்டில் எழுத்தைப் படித்துத்தான் ஆக வேண்டும். அந்த வகையில் எல்லோரும் சமம். பகலில் நூலகமாகவும் மாலையில் ரீகல் தியேட்டராகவும் இருந்த விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்த மூத்தவர்கள் நம் வட்டத்தில் இருக்கிறார்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது என்பதுதான் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. அதைப் பெரிதாக்கிவிட்டால் போதும். பொதுத் திரையிடலுக்கான அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும், அது எந்தப் படம் என்றாலும் உண்டு.

மூன்றாம் பாகத்தை விட மனசில்லாதவர்களுக்காக, பேச்சு முடிந்த பிறகு அதன் பட்டமளிப்பையும் விருந்தையும் மட்டும் போடலாம். அதற்கு 1990-இல் வந்த பதிப்புதான் வேண்டும். 2020-இல் கொப்போலா வெட்டித் திருத்தி வெளியிட்ட பதிப்பு வாட்டிகன் வங்கிப் பேரத்திலிருந்து தொடங்குகிறது. படமாக அது இறுக்கமாக இருக்கலாம். நமக்கு வேண்டியது ஏணியின் மூன்றாவது படி. 'டபுள் எக்ஸ்' அடுத்த கூட்டத்துக்கு, 2014 படத்தோடு சேர்த்து, முழு நாளாக வைக்க வேண்டிய படம். அதற்கும் இப்போதே தேதி குறித்துவிட்டால் இளையவர்கள் சம்மதிப்பார்கள் என்று நம்புகிறேன்.